60 ஏக்கர் மான் லீஸுக்கு 1800 டாலர், கொடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். நான் டெக்சஸ்ல சான் அன்டோனியோல இருக்கேன். ரெண்டு வருஷமா தெரிஞ்சவங்களோட மான் லீஸ்ல (காசு குடுத்து வேட்டைக்கு எடுக்குற நிலம்) கெஸ்டா போய்ட்டு இருந்தேன், இந்த வருஷம் நானும் கூட வேலை பாக்குற ஒருத்தரும் சேந்து சொந்தமா சின்னதா ஒண்ணு எடுக்கலாம்னு பாக்குறோம். கெர்வில் தாண்டி ஒரு பெரியவர்கிட்ட 60 ஏக்கர் இருக்கு, சீசனுக்கு 1800 டாலர் கேக்குறார். ஏக்கருக்கு 30 வருது. ஆபீஸ்ல இன்னொருத்தர் 400 ஏக்கர் லீஸ்ல ஏக்கருக்கு 14 தான் கொடுக்குறாராம், அதைக் கேட்டதுல இருந்து மனசு ஒப்பவே மாட்டேங்குது. இடத்தைப் போய் பாத்தேன், நடுவுல ஒரு வறண்ட ஓடை, ரெண்டு கரையிலயும் ஓக் மரங்க, ஒளிஞ்சு உக்காந்து சுடுற பழைய பாக்ஸ் பிளைண்ட் ஒண்ணு, மானுக்குத் தீனி தூவுற ஃபீடர் ஒண்ணு (பேட்டரி செத்துப்போச்சு). ஓடை மணல்ல குளம்புத் தடம் நிறையவே இருந்துச்சு. பெரிய கொம்பு வேணும்னு எங்களுக்கு இல்ல, ரெண்டு வீட்டுக்கும் கறி கெடைச்சா போதும். விலை சரியா?

பதில் 1:
ஏக்கர் கணக்கை மொதல்ல விடுங்க ப்ரோ, சின்ன இடத்துக்கு அது ஒத்தே வராது. 400 ஏக்கர்ல எத்தனை துப்பாக்கின்னு ஆபீஸ்காரர்கிட்ட கேட்டீங்களா? எட்டு பேருன்னா ஆளுக்கு 50 ஏக்கர் தான், 700 டாலர். உங்களுக்கு ஆளுக்கு 30 ஏக்கர், 900 டாலர். அப்படிப் பாத்தா வித்தியாசம் அவ்வளவு பெருசு இல்ல, அதோட சனிக்கிழமை காலைல எந்த பிளைண்ட்ல யார் உக்காருறதுன்னு சண்டையும் இல்ல.

நான் போடுற கணக்கு வேற. அங்க மான் வேட்டைக்கு ஜெனரல் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை ஆரம்பிச்சு ஜனவரி முதல் ஞாயிறு வரைக்கும். வேலைக்குப் போறவனுக்கு மொத்தம் ஒன்பது பத்து வீக்கெண்ட், அதுல நிஜமா எத்தனை போவீங்கன்னு வீட்டுல கேட்டுட்டு எண்ணுங்க. ஆறு வாட்டி போனா ஒரு வாட்டிக்கு ஆளுக்கு 150 டாலர். மூணு வாட்டி தான்னா 300, அப்ப இந்த லீஸே வேணாம். பொது வேட்டை நிலங்களுக்குப் போக 48 டாலருக்கு ஸ்டேட் குடுக்குற வருஷாந்திர பப்ளிக் ஹன்டிங் பெர்மிட் இருக்கு, அதை வாங்கிக்கலாம், என்ன, அந்த நிலங்க நெறைய உங்க வீட்டுல இருந்து ரொம்ப தூரம்.

பதில் 2:
தம்பி, நிலம் சதுரமா நீளமான்னு சொல்லவே இல்லையே. 60 ஏக்கர் சதுரமா இருந்தா ஒரு பக்கம் கிட்டத்தட்ட 540 யார்டு. நட்ட நடுவுல பிளைண்ட் வச்சாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் 270 யார்டுல வேலி வந்துடும். இதே 60 ஏக்கர் ரிப்பன் மாதிரி நீளமா இருந்தா ரைஃபிளுக்கு ஒண்ணு ரெண்டு திசை தான் மிஞ்சும். அனுமதி இல்லாம குண்டு வேலி தாண்டி அடுத்தவர் நிலத்துல போனா டெக்சஸ்ல அது குற்றம். அடிபட்ட மான் வேலியைத் தாண்டி ஓடி அந்தப் பக்கம் விழுந்தாலும் அந்த நிலத்துக்காரர் சரின்னு சொல்லாம உள்ள போக முடியாது. மான் கண்ணு முன்னாடி 40 யார்டுல கெடக்க, இருட்டுற வரைக்கும் வேலிக்கம்பியைப் புடிச்சுக்கிட்டு போன் பண்ணிட்டே நின்னிருக்கேன், அந்த வேதனை யாருக்கும் வர வேணாம். அதனால பணத்துக்கு முன்னாடி நாலு பக்கமும் யாரு இருக்காங்க, அவங்க வேட்டையாடுறாங்களா, ஃபீடரை வேலி ஓரத்துல வச்சிருக்காங்களான்னு நடந்து பாருங்க. மான் சுத்துற பரப்பு சுமாரா ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். உங்க 60ல எந்த மானும் குடியிருக்காது, கடந்து தான் போகும். நீங்க காசு குடுக்குறது அந்த ஓடைப் பாதைக்குத் தான். தடம் நெறைய இருக்குன்னா எனக்கு 1800 அதிகமாத் தெரியல.

பதில் 3:
விலையை விட பேப்பர் முக்கியம் அண்ணா. நாங்க மூணு வருஷம் முன்னாடி 80 ஏக்கர் வாய்ப்பேச்சுல எடுத்தோம். சீசன் ஓப்பனிங் அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி போனா பிளைண்டுக்குள்ள டார்ச் வெளிச்சம், நிலத்துக்காரரோட சொந்தக்காரப் பையனும் அவன் ஃப்ரெண்டும் உக்காந்திருக்காங்க. "குடும்பத்து ஆளுங்க எப்பவும் வருவாங்களே"ன்னு அவர் சாதாரணமா சொல்லிட்டார், எழுதாததால வாயத் தொறக்க முடியல. வேற யாரும் வேட்டையாடக் கூடாதுங்கிறது, எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும், கெஸ்ட் கூட்டிட்டு வரலாமா, கேட் சாவி, எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. காசு வாங்கி விடுறவர்கிட்ட ஹன்டிங் லீஸ் லைசென்ஸ் இருக்கணும், அதையும் கேளுங்க.

இன்னொண்ணு, அங்க ஆக்சிஸ் மான் வருதா? நம்ம புள்ளிமான் தான், 1932ல டெக்சஸுக்குக் கொண்டு வந்தது இப்ப அந்தப் பக்கம் மந்தை மந்தையாத் திரியுது. அதுக்கு சீசனும் கெடையாது, எண்ணிக்கை வரம்பும் கெடையாது, லைசென்ஸ் மட்டும் இருந்தா போதும், கறியும் வைட்டெயிலை (சீசன்ல வேட்டையாடுற அந்த ஊர் மான்) விட நல்லா இருக்கும். நீங்க கறிக்குத் தானே போறீங்க, அதே 1800க்கு வருஷம் முழுக்கக் கேளுங்க.

கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆபீஸ்காரர்கிட்ட கேட்டேன், அங்க பத்து பேராம்! நேத்து ஞாயித்துக்கிழமை திரும்ப போய் வேலியோரம் முழுசும் நடந்தேன். நிலம் கொஞ்சம் நீளவாட்டம், வடக்குப் பக்கத்துக்காரர் பிளைண்ட் எங்க வேலில இருந்து 50 யார்டு கூட இல்ல, அதனால நாங்க ஓடையோட தெக்கு வளைவுல தான் உக்காரணும், சுடுறதும் ஓடைக்கரை மேட்டைப் பாத்து மட்டும் தான்னு முடிவு பண்ணிட்டோம். பெரியவர் 1800ல இருந்து எறங்கவே இல்ல, ஆனா செப்டம்பர்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும்னு ஒத்துக்கிட்டார், ஆக்சிஸும் காட்டுப்பன்னியும் சேத்து. நாங்க ரெண்டு பேர் தவிர வேற துப்பாக்கி வராதுன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாச்சு, லைசென்ஸும் காமிச்சார். வடக்குப் பக்கத்துக்காரருக்கு அவரே போன் போட்டுக் குடுத்தார், மான் அந்தப் பக்கம் விழுந்தா கூப்பிடுங்க, ராத்திரி ஆனாலும் வரேன்னு அந்தப் பக்கத்துக்காரர் சொன்னார். அடுத்த வாரம் பேட்டரி மாத்தி ஃபீடரை ஓட விடப் போறோம்.