புதுப்பிப்பு: 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனரை வாங்கிவிட்டேன்

ஓய்வுபெற்ற பின், 67 வயதில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 காரொன்றை வாங்கலாமா, வாங்கினால் பழைய வர்ணத்தை அப்படியே விடலாமா என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன், வர்ணத்தையும் மாற்றவில்லை.

948 சிசி எஞ்சினும் நடுவில் அமைந்த வேகமானியும் தொழிற்சாலையிலிருந்து வந்தவையே. செலவு வைத்தது அடிப்பகுதிதான். மேலே பளபளத்த வண்டியை உயர்த்திப் பார்த்தபோது, பின்பக்க வில் தகடுகளைத் தாங்கும் இடத்தையும் தரையின் கீழுள்ள குறுக்குச் சட்டத்தையும் கறள் தின்றிருந்தது. அவற்றை வெட்டிப் புதுத் தகடு ஒட்டுவதற்கு இரண்டு மாதங்கள் சென்றன. திருகோணமலையின் உப்புக்காற்றில் இதைத் தவிர்ப்பது கடினம் என்பதால், கடற்கரை வீதியில் ஓடிய ஒவ்வொரு முறையும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுகிறேன்.

வானொலி பொருத்தச் சொன்ன நண்பர்களுக்கு: இதில் பற்றரியின் நேர்முனையே உடற்பகுதியுடன் இணைந்திருப்பதால், எதிர்முனை உடற்பகுதியுடன் இணைந்த வண்டிகளுக்கென வரும் இக்காலக் கருவிகளை நேரடியாகப் பொருத்தினால் பழுதாகிவிடும். திரும்பும் திசையைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து எழும் கைகாட்டியையும் அகற்றவில்லை. அது எழும் அழகுக்காகவே இந்த வண்டியை விரும்பினேன். ஆயினும் பின்னால் வரும் பஸ் சாரதிகளுக்கு அது தென்படாததால், கையையும் வெளியே நீட்டுகிறேன்.

முதலில் எதிர்த்த என் மனைவிதான் இப்போது ஞாயிறு மாலைகளில், உவர்மலையிலிருந்து நிலாவெளிக்குப் போவோம் என்று திறப்பை எடுத்துத் தருகிறார். மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் நாங்கள் ஓடுவதில்லை. அடுத்ததாக, சாரதியின் காலடித் தரைக்குக் கீழே மறைந்திருக்கும், பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்களை மாற்றவுள்ளேன்.