வாடகைக்கே வழியில்லாத மாலை வகுப்புக்கு நிதி எங்கே கேட்பது?

வியாசை_பையன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடியில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து நான்கு வருடமாக மாலை வகுப்பு நடத்துகிறோம். ஐந்தாவது முதல் பத்தாவது வரை நாற்பது பிள்ளைகளுக்கு மேல் வருகிறார்கள், மழை பெய்தால் பதினைந்து. மொட்டை மாடியில் தகரம் போட்ட ஓர் அறை, வாடகை 6,500, கரண்ட் பில் தனி. ஞாயிற்றுக்கிழமை அதே அறையில் இரண்டு கேரம் போர்டு போடுகிறோம். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்ததிலிருந்து படிப்பைவிட கேரமுக்குத்தான் கூட்டம், அது வேறு கதை.

சொல்லிக்கொடுக்கிறவர்கள் யாரும் வசதியானவர்கள் இல்லை. ஒருவர் கன்டெய்னர் யார்டில் வேலை, மூன்று பேர் காலேஜ், நான் கூரியர். ஆளுக்கு மாதம் 500 போடுகிறோம். மீதிக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டு என் ஜிபே நம்பருக்கு வாங்குகிறோம். இப்போது வீட்டுக்காரர் தை மாதத்திலிருந்து 9,000 வேண்டும் என்கிறார். சங்கம், டிரஸ்ட் என்று எதையும் பதியவில்லை. பேர் இருக்கிறது, பேனர் இருக்கிறது, ரப்பர் ஸ்டாம்ப்கூட இருக்கிறது, சிரிக்காதீர்கள்.

இந்த நேரத்தில் ஒருவர் போன் செய்து பெரிய கம்பெனியிலிருந்து சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூக நலனுக்குச் செலவு செய்கிற) பணம் ஐந்து லட்சம் வாங்கித் தருகிறேன், எனக்கு 15 சதவீதம், ஆனால் பைல் தயார் செய்ய முன்னாடியே 20,000 வேண்டும் என்கிறார். இன்னொரு பக்கம் ஏரியா பிரமுகர் ஒருவர் வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன், வாசலில் என் படம் போட்ட போர்டு மாட்டுங்கள் என்கிறார். துபாயில் இருக்கும் நண்பனும் கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட என் சித்தியும் மாதாமாதம் அனுப்பத் தயார். எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது? அரசாங்கத்தில் எங்களை மாதிரி ஆட்களுக்கு ஏதாவது இருக்கிறதா?

---

ராயபுரம்_ரிட்டயர்டு எழுதியது:

தம்பி, முன்பணம் கேட்டான் என்றால் அந்த நம்பரை பிளாக் பண்ணு. கம்பெனிக்காரன் கொடுக்கிற பணத்தில் இவனுக்கு எதற்கு நீ 20,000 அழணும்? எனக்குத் தெரிந்த ஒரு குழு 35,000 கொடுத்துவிட்டு இரண்டு வருடமாக “பைல் மும்பை போயிருக்கு” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தண்டையார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன், இந்த மாதிரி பைல்கள் தினமும் கை வழியாகப் போகும். வரிசையாக இல்லாமல் எது அவசரமோ அதிலிருந்து சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஜிபே. உறவினர் அல்லாதவர்கள் ஒரு நிதியாண்டில் உங்களுக்குக் கொடுத்தது மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அந்தத் தொகை முழுவதும் உங்கள் வருமானக் கணக்கில் சேரும். வகுப்புக்குத்தான் செலவு செய்தேன் என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் வங்கிக் கணக்கில் இருப்பது உங்கள் பேர்தான். அதைவிட முக்கியம், நாளைக்கு ஒன்பது பேருக்குள் ஒரு மனஸ்தாபம் வந்தால் முதல் கேள்வியே “அந்தப் பணம் எங்கே” என்றுதான் வரும், அப்போது நீங்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் இன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டு, நான்கு வருடத்துக்கு இல்லாவிட்டாலும் இந்த வருடத்து வரவையாவது ஸ்டேட்மெண்டைப் பார்த்து எழுதிவிடுங்கள்.

பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம், நீங்கள் ஒன்பது பேர். மாவட்டப் பதிவாளரிடம் பதியணும். பைலா, அதாவது சங்க விதிகள், எழுதும்போது நெட்டில் கிடைத்ததை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். நோக்கத்தில் கல்வி, விளையாட்டு இரண்டும் தெளிவாக இருக்கட்டும், லாபத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும், சங்கத்தைக் கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும் என்பதும் இருக்கணும். கலைப்புப் பற்றிய வரி இல்லாமல் வருமான வரிப் பதிவில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவுக்கு அப்புறம் சங்கத்தின் பேரில் பான் கார்டு, இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டோடு ஒரு வங்கிக் கணக்கு.

அடுத்தது வருமான வரித் துறையில் வாங்கும் 12ஏ, 80ஜி பதிவுகள். முன்னது சங்கத்தின் வருமானத்துக்கு வரி விலக்கு, பின்னது உங்களுக்குக் கொடுப்பவருக்கு வரிச் சலுகை. இரண்டுக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், அரசுக்குக் கட்டணம் கிடையாது, ஆடிட்டர் கேட்பது அவருடைய கூலி. புது அமைப்புக்கு முதலில் மூன்று வருடத்துக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன, ஆனாலும் எங்கள் ஆபீஸில் இன்னும் பல வருடத்துக்கு 80ஜி என்றேதான் சொல்லிக்கொண்டிருப்போம். ஒரு விஷயம்: 80ஜி வாங்கிவிட்டால் பணம் கொட்டும் என்று நினைக்காதீர்கள். புது வரி முறைக்கு மாறிய சம்பளக்காரர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

இப்போது சிஎஸ்ஆர். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி தாண்டிய கம்பெனி கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூக நலப் பணிகளுக்குச் செலவு செய்யணும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரணும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மணலி, எண்ணூர், துறைமுகம் என்று நம்மைச் சுற்றி எத்தனை புகைக்கூண்டு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், அந்த வரியைக் கடிதத்தில் தாராளமாக எழுதலாம். ஆனால் வெளி அமைப்பு வழியாகச் செலவு செய்வதென்றால் அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி, மத்திய அரசில் சிஎஸ்ஆர்-1 என்ற படிவம் போட்டு வாங்கிய எண், கூடவே மூன்று வருட அனுபவம் எல்லாம் இருக்கணும். பதிவே இல்லாத உங்களுக்கு ஐந்து லட்சம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் சட்டம் தெரியாது, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாக வெளிநாடு. துபாய் நண்பர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வாங்கலாம். கனடா சித்தி அப்படி இல்லை. குடியுரிமை மாறிவிட்டால் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர், சங்கம் அவரிடம் வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும், அதற்கு மூன்று வருடப் பழைய அமைப்பாக இருந்து 15 லட்சம் செலவு செய்திருக்கணும். சித்தி சென்னைக்கு வந்து கையில் ரூபாயாகக் கொடுத்தாலும் அதே சட்டம்தான். எஃப்சிஆர்ஏ உள்ள பெரிய அமைப்பிடம் கொடுத்து அங்கிருந்து உங்களுக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் 2020 திருத்தத்தில் அதையும் மூடிவிட்டார்கள். சித்தி உங்கள் அம்மாவுக்கு அனுப்புவது அக்கா தங்கை விஷயம், அதைச் சங்கத்தோடு கலக்காதீர்கள்.

---

கொருக்குப்பேட்டை_அக்கா எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்னது எல்லாம் சரி, ஆனால் படித்தவுடன் அந்தத் தம்பிக்கு காய்ச்சல் வந்திருக்கும். நான் வேற மாதிரி சொல்கிறேன்.

நாங்களும் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து தையல், டியூஷன் என்று ஆரம்பித்து, ஆர்வத்தில் உடனே சங்கம் பதிந்தோம். பதிவது சுலபம். அப்புறம் வருடாவருடம் பொதுக்குழு கூட்டணும், வரவு செலவு கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்யணும், அதுதான் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்கள் செயலாளருக்குக் கல்யாணம் ஆகிச் செங்கல்பட்டு போய்விட்டாள், கூட்டத் தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகமும் அவளோடு போய்விட்டது. நான்கு வருடம் தாக்கல் இல்லை, அதைச் சரிசெய்ய ஆன செலவில் இரண்டு தையல் மிஷின் வாங்கியிருக்கலாம். எனவே ஒன்பது பேரில் காகித வேலையைப் பிடிவாதமாகச் செய்யும் ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். நன்றாகப் பேசுகிறவர் வேண்டாம், நோட்டு எழுதுகிறவர் வேண்டும்.

அப்புறம் ஒன்று. வாடகைக்கு யாரும் நிதி தர மாட்டார்கள் தம்பி. கம்பெனிக்காரர் கம்ப்யூட்டர் தருவார், பெஞ்ச் தருவார், பை தருவார், போட்டோ எடுப்பார். வாடகை போட்டோவில் வராது. அதனால் பணத்தைத் தேடுவதற்கு முன்னால் இடத்தைத் தேடுங்கள். பக்கத்து மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பார்த்து, உங்களிடம் வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பள்ளி என்று பேர்ப் பட்டியலோடு போய், மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை ஒரு வகுப்பறை கேளுங்கள். வெறுங்கையோடு போனால் “மேலே கேட்கணும்” என்பார்கள். பட்டியலோடு போனாலும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் மேலே அனுப்ப ஒரு காகிதம் இருக்கும். எங்களுக்கு மூன்றாவது தடவைதான் நடந்தது, சாவி வாட்ச்மேனிடம், கூட்டிப் பெருக்குவது எங்கள் பொறுப்பு. கம்பெனி பெஞ்ச் கொடுத்தால் அதையும் பள்ளிக்கே கொடுக்கச் சொல்லுங்கள், பதிவு இல்லாத உங்கள் கைக்கு வராமலே பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

மாதச் செலவுக்குத் தெருவையே கேளுங்கள். எங்கள் பகுதியில் 42 வீடு மாதம் 100 ரூபாய் தருகிறது, மீன் விற்கிற அம்மா ஒருவர் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பத்தாம் தேதி ஆனால் வரவு செலவை வாசலில் ஒட்டிவிடுவோம். ஒரு தடவை சாக்பீஸ் 60 ரூபாய் என்பது 600 என்று விழுந்துவிட்டது, தெருவே வந்து கேட்டது! கேட்கட்டும், கேட்கிறவர்கள்தான் அடுத்த மாதமும் தருவார்கள்.

அந்தப் படம் போட்ட போர்டு மட்டும் வேண்டாம். தேர்தல் வந்தால் எதிர்த் தரப்பு வீட்டுப் பிள்ளைகள் உங்கள் படி ஏற மாட்டார்கள்.

---

வியாசை_பையன் எழுதியது:

அக்கா, நன்றி. காய்ச்சல் வந்தது உண்மைதான். கணக்குப்பிள்ளை அண்ணே, ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தேன், இந்த வருடம் இதுவரைக்கும் 61,300 வந்திருக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. நமக்கு நாமே திட்டம், எம்எல்ஏ நிதி, வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அதில் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

---

எண்ணூர்_பஸ் எழுதியது:

பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள் ப்ரோ. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி என்று அறிவித்து அப்புறம் பல மடங்கு பெரிதானது, ஆனால் அது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) முன்னின்று குடிநீர், கழிவுநீர், பள்ளி, ஆஸ்பத்திரி, நூலகம், குடியிருப்பு என்று பல துறைகள் வழியாகக் கட்டுகிற வேலை. குழுக்களுக்குக் கையில் பணம் தருவது அதில் இல்லை. கட்டி முடித்த இடம் உங்கள் பக்கத்தில் வந்தால் அதைப் பயன்படுத்தக் கேட்கலாம், அவ்வளவுதான். எம்எல்ஏ, எம்பி, கவுன்சிலர் நிதியும் அப்படியே, பொதுச் சொத்து உருவாக்கத்தான், மாதச் செலவுக்கு இல்லை.

நமக்கு நாமே கொஞ்சம் வேறு. மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போட்டு பூங்கா, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு மாதிரி வேலைகளைச் செய்யும். மாநகராட்சிப் பள்ளியில் உங்களுக்கு வகுப்பறை கிடைத்து, அங்கே கழிப்பறை மோசம் என்றால் அதற்கு இது பொருந்தும். தகரக் கூரை மாடிக்குப் பொருந்தாது, அது தனியார் வீடு.

புத்தகத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், யாரும் அதிகம் கேட்பதில்லை. கொல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை என்று மத்திய அரசு அமைப்பு 1972-லிருந்து இருக்கிறது, தன்னார்வ அமைப்புகள் நடத்தும் நூலகங்களுக்கும் உதவி உண்டு. பதிவு வேண்டும், மாநில நூலகத் துறை வழியாகப் போகணும், பொறுமை வேண்டும். மத்திய அரசு மானியம் எதற்குப் போனாலும் தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிந்து எண் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அதற்கும் ஒருத்தன் 3,000 கேட்பான்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

61,300-க்குப் பயப்படாதீர்கள், உங்கள் சம்பளத்தோடு சேர்த்தாலும் வரி வராத அளவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ரிட்டர்னில் காட்டிவிடுங்கள். இனிமேல் மட்டும் உங்கள் நம்பருக்கு வாங்காதீர்கள். வாடகை ரசீது, கரண்ட் பில், சாக்பீஸ் பில் எல்லாம் ஒரு கவரில் போடுங்கள். பில் தராத கடை என்றால் தேதி, தொகை எழுதி வவுச்சரில் கடைக்காரர் கையெழுத்து.

---

வியாசை_பையன் எழுதியது:

நேற்று ஒன்பது பேரும் உட்கார்ந்தோம். எங்கள் செட்டில் காகிதப் பைத்தியம் ஒருத்தி இருக்கிறாள், பஸ் டிக்கெட்டைக்கூடத் தேதிவாரியாக வைத்திருப்பாள், அவள்தான் செயலாளர். 15 சதவீத ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், “உங்களுக்கு வளரத் தெரியாது” என்று திட்டிவிட்டு வைத்தார். சித்தியிடம் நான் பேசவில்லை, அம்மா பேசுவார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறோம், எங்களிடம் வரும் 44 பேரில் 31 பேர் அந்தப் பள்ளிதான். வீட்டுக்காரர் மாசி வரைக்கும் பழைய வாடகைக்கே ஒத்துக்கொண்டார், அவர் பேத்தியும் எங்களிடம்தான் படிக்கிறாள்.

சங்கத்துக்கு ரசீதுப் புத்தகம் அச்சடிக்கலாமா? பிரஸ்ஸில் நாளைக்கே தருகிறேன் என்கிறார்கள்.

---

ராயபுரம்_ரிட்டயர்டு எழுதியது:

அவசரப்படாதே. அதே பேரில் ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தால் பதிவாளர் ஏற்க மாட்டார், மாற்றுப் பேர் இரண்டு யோசித்து வை. பதிவு எண் வந்த அப்புறம் அச்சடி. ரப்பர் ஸ்டாம்பையும் அதுவரைக்கும் உள்ளே வை. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், என்னிடம் ஒரு பழைய கேரம் போர்டு சும்மா கிடக்கிறது, ஒரு மூலை மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கும்.