சீசன் நடுவில் ஸ்டாஃப் விட்டுப் போறாங்கள். 3 இலட்சத்தை ட்ரிப்புக்குச் செலவழிக்கிறது சரியா?

உப்புவெளி_24

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் கடற்கரை ஹோட்டல், 24 அறை. மொத்தம் 31 பேர்: சர்வீஸ் 9, குசினி 7, ஹவுஸ்கீப்பிங் 8, மிச்ச 7 பேர் முன்கவுண்டர், ட்ரைவர், தோட்டம், காவல். தமிழ், முஸ்லிம், சிங்களம் மூன்று பக்கத்து ஆக்களும் இருக்கினம். வீடுகள் டவுன், கிண்ணியா, சாம்பல்தீவு, நிலாவெளி என்று பரந்து கிடக்கு.

சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரை. ஜூலை நடுவில், அறை எல்லாம் நிரம்பிக் கிடக்கிற நேரம் பார்த்துத்தான் ஆக்கள் விட்டுப் போறாங்கள். சர்வீஸ்காரருக்கு ஸ்பிளிட் ஷிப்ட்: காலை 6.30–10.30, பின்னேரம் 6.30–10.30. பில்லில் சேர்க்கிற சர்வீஸ் சார்ஜ் ஆக்களுக்கு மாத முடிவில் என்வலப்பில் போகுது. முறைப்பாட்டுப் பெட்டி ஒன்று வைச்சு ஆறு மாதம். உள்ளுக்கு விழுந்தது இரண்டு துண்டு, அதில் ஒன்று கிரிக்கெட் மட்ச் எப்போ என்று கேட்டு.

முதலாளி 'ஸ்டாஃப் வெல்ஃபெயருக்கு' என்று 3 இலட்சம் ஒதுக்கியிருக்கிறார். நுவரெலியாவுக்கு ட்ரிப், டீ சேர்ட், 'மாதத்தின் சிறந்த ஊழியர்' போர்ட் என்பது அவருடைய யோசனை. இதில் ஏதும் பிரயோசனம் இருக்கா? இல்லையென்றால் எதில் கை வைக்கிறது?

---

கச்சான்காற்று

ட்ரிப்பை ஒக்டோபருக்குத் தள்ளுங்கோ. ஜூலையில் ஆள் போறதுக்குக் காரணம் உங்கட கேள்விக்குள்ளேயே இருக்கு: அந்த ஸ்பிளிட் ஷிப்ட்.

கணக்குப் பாருங்கோ. வேலை 8 மணித்தியாலம்தான். ஆனால் முதல் மணிக்கும் கடைசி மணிக்கும் இடையில் 16 மணித்தியாலம். கிண்ணியாப் பெடியன் விடிய ஐந்தேகாலுக்கே வெளிக்கிட வேணும், இரவு வீடு போய்ச் சேர பதினொன்றரை. குளிச்சுப் படுத்து எழும்பினால் நித்திரை நாலரை மணித்தியாலம். நடுவில் இருக்கிற எட்டு மணித்தியாலத்தில் வீட்டை போய் வரக் காசும் நேரமும் வீண், ஹோட்டலில் சரிய இடமும் இல்லை. அதனால் கடற்கரை மரத்தடியில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். இரண்டு மாதம் இப்படி ஓடினால் மூன்றாவது மாதம் மாலைதீவுக்கோ கட்டாருக்கோ வேலை கேட்டு சி.வி. அனுப்புவான். சம்பளம் ஒரு பக்கம், நித்திரை மற்றப் பக்கம்.

9 பேரோடேயே நேர் ஷிப்ட் போடலாம். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரத்துக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு. அதாவது ஆளுக்கு 5 முழு ஷிப்ட் (40 மணி), ஒரு அரை ஷிப்ட் (5 மணி). ஒன்பது பேருக்கு வாரத்தில் 45 முழு, 9 அரை. காலை 6–2.30க்கு 3 பேர், மத்தியானம் 2–10.30க்கு 4 பேர் (இரண்டிலும் அரை மணித்தியாலம் சாப்பாட்டு இடைவேளை). நாளுக்கு 7, வாரத்துக்கு 49. முழு ஷிப்ட் 45 போக நாலு இடம் குறையும். அதை அரை ஷிப்டால் அடையுங்கோ: காலை 6–11. காலைச் சாப்பாட்டு நெருக்கடி பத்தரையோடு முடியிறதால் அந்த மூன்றாவது ஆள் 11 மணிக்குப் போனாலும் ஒன்றும் குறையாது. மிச்ச ஐந்து அரை ஷிப்டையும் சனி, ஞாயிறு காலையில் கூடுதல் கையாக வைச்சுக்கொள்ளலாம்.

எங்கே உடையும் என்றால், காய்ச்சலில். ஒருத்தன் படுத்தவுடன் சூப்பர்வைசர் "இன்றைக்கு மட்டும்" என்று பழைய ஸ்பிளிட்டுக்குப் போவார், அந்த 'இன்றைக்கு' செப்டெம்பர் வரை நீளும். அதனால் சீசனுக்குப் பத்தாவது ஆள் கட்டாயம். அல்லது ஹவுஸ்கீப்பிங்கில் இரண்டு பேருக்கு ஏப்ரலிலேயே சர்வீஸ் பழக்கி வையுங்கோ. ஓவர் டைம் வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது, அதுக்கு ஒன்றரை மடங்கு.

ரோஸ்டர் 14 நாளுக்கு முன்னமே சுவரில் ஏற வேணும், மூன்று மொழியிலும். வட்ஸப்பில் முதல் நாள் இரவு பத்து மணிக்கு அனுப்புறது ரோஸ்டர் இல்லை. மாற்றிக்கொள்ள ஒரு கொப்பி வையுங்கோ: இரண்டு பேரும் கையெழுத்து, முதல் நாள் பின்னேரம் 6 மணிக்கு முன்னம், சூப்பர்வைசர் மறுக்கிறதென்றால் காரணம் எழுத வேணும். காரணம் எழுதச் சொன்னவுடன் மறுப்பு பாதியாகும்.

கலந்த ஆக்கள் இருக்கிறது உங்களுக்கு வசதி. சித்திரை வருசத்துக்குத் தமிழரும் சிங்களவரும் ஒரே நேரம் லீவு கேட்பினம், தளத்தை முஸ்லிம் ஆக்கள் தாங்குவினம். பெருநாளுக்கு இது மறுபக்கம். பொங்கல், தீபாவளி, வெசாக் எல்லாத்தையும் ஜனவரியிலேயே ஒரு தாளில் போட்டு யார் யாருக்கு என்று பிரிச்சு விட்டால் அந்தந்த நேரம் முகம் சுளிக்கத் தேவையில்லை. வெள்ளி ஜும்மாவுக்கு 12 முதல் 1.30 வரை கேட்காமலே விடுங்கோ. நோன்புக் காலத்தில் மாலை ஆறேகாலைச் சுற்றி நோன்பு திறக்கிற நேரமும் இராச்சாப்பாட்டு மேசை போடுற நேரமும் மோதும். 20 நிமிஷம் முன்கூட்டியே ரோஸ்டரில் எழுதி வைச்சால் யாரும் யாரிட்டையும் கெஞ்சத் தேவையில்லை.

---

கணக்குப்பிள்ளை

ரோஸ்டர் பற்றிச் சொன்னது சரி. நான் காசுப் பக்கம் வாறேன். அந்த என்வலப்பை நிப்பாட்டுங்கோ.

என்வலப்புக்குள் 14,000 இருந்தாலும் "முதலாளி எவ்வளவு எடுத்தார்?" என்ற கேள்விதான் மனதில் நிற்கும். ஒவ்வொரு மாதமும் 7 ஆம் திகதிக்குள் ஒரு தாளை ஸ்டாஃப் அறைச் சுவரில் ஒட்டுங்கோ. அதில் ஐந்து வரி போதும்: பில்லில் சேர்ந்த 10 வீதம் எவ்வளவு, கழிச்சது எவ்வளவு, எதுக்கு, மொத்தப் புள்ளி (வேலைக்கேற்ப ஆளாளுக்குக் கொடுக்கிற பங்கு) எவ்வளவு, ஒரு புள்ளி என்ன பெறுமதி. உதாரணத்துக்கு மாதத்தில் பகிர 546,000, 31 பேருக்கும் சேர்த்து 78 புள்ளி என்றால் ஒரு புள்ளி 7,000. இரண்டு புள்ளிக்காரனுக்கு 14,000, நாலு புள்ளி செஃபுக்கு 28,000. ஸ்டாஃப் அறையில் நிற்கிற ஒவ்வொருத்தரும் தன்ர கணக்கைத் தானே போட்டுப் பார்க்க முடிய வேணும். 'பிரேக்கேஜ்' என்று சத்தமில்லாமல் வெட்டுறதுதான் எல்லா இடத்திலும் பெரிய வயிற்றெரிச்சல். வெட்டுறதென்றால் எத்தனை கிளாஸ், எத்தனை கோப்பை, என்ன விலை என்று அதே தாளில் வரட்டும்.

ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி): ஊழியர் 8 வீதம், முதலாளி 12. ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3, அது முழுக்க முதலாளி தலையில். இதை எல்லாரும் கட்டுவினம், ஆனால் ஒன்றைக் கோட்டை விடுவினம்: முதலாளி கொடுக்கிற சாப்பாட்டின் பெறுமதியும் ஈ.பி.எஃப். கணக்குக்குரிய வருமானத்தில் சேரும். ஓவர் டைம் சேராது. 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000, அடிப்படைச் சம்பளம் அதுக்குக் கீழே இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கோ. 15 பேரோ அதுக்கு மேலோ என்றபடியால் 5 வருசம் நின்றவருக்குப் பணிக்கொடையும் உண்டு, வருசத்துக்கு அரை மாதச் சம்பளம். இதை வேலைக்குச் சேரும் அன்றே சொன்னால் நாலாவது வருசத்தில் நிற்கிறவன் இன்னொரு வருசம் யோசிப்பான்.

அட்வான்ஸ். நுண்கடன்காரர் கிழமைக்கு ஒருக்கால் கேட்டடிக்கு வாறதைப் பார்த்திருப்பீங்கள். அன்றைக்கு வேலையில் யாருக்கும் மனம் நிற்காது. மாதம் 15 ஆம் திகதி, அதுவரை உழைச்சதில் 40 வீதம் வரை, கேட்கிற எல்லாருக்கும், காரணம் கேட்காமல். அதைத் தீர்மானிக்கிறது கணக்குப் பகுதிதான், மனேஜர் இல்லை. மனேஜர் தீர்மானிச்சால் அது தயவாகிப்போகும், பிறகு அவருக்குப் பிடிச்ச ஆளுக்குத்தான் கிடைக்கும்.

இன்னொன்று: மாரியில் நவம்பர், டிசம்பர், ஜனவரி புள்ளி 1,500க்கும் இறங்கலாம். சீசனில் சர்வீஸ் சார்ஜில் 10 வீதத்தை ஒதுக்கி வைச்சு அந்த மூன்று மாதத்திலும் பிரிச்சுக் கொடுத்தால் விழுகிற அடி குறையும்.

---

மூதூர்த்துறை

கடைசிப் பந்திக்கு மட்டும் என்ர எதிர்ப்பு. ஆக்களின்ர காசை ஹோட்டல் பிடிச்சு வைக்கிறது நம்பிக்கை இல்லாத இடத்தில் சண்டையில்தான் முடியும். செய்யிறதென்றால் விரும்பினவர் மட்டும், எழுத்தில், ஸ்டாஃபில் இரண்டு பேரும் கணக்காளரும் சேர்ந்து கையெழுத்துப் போடுற தனி வங்கிக் கணக்கில். விட்டுப் போறவருக்கு அன்றே முழுக் காசு. இது எதையும் செய்ய ஏலாதென்றால் தொடவே வேண்டாம்.

முறைப்பாட்டுப் பெட்டி எங்கே மாட்டியிருக்கு? முன்கவுண்டர் பக்கம் கமராவுக்குக் கீழே என்றால் அந்த இரண்டு துண்டே அதிசயம். 31 பேர் இருக்கிற இடத்தில் கையெழுத்தை வைச்சே ஆளைப் பிடிச்சுவிடுவினம். பெட்டியைக் கழற்றிப்போட்டு, ஒருத்தரோடு 15 நிமிஷம் இருந்து கதையுங்கோ. அவருடைய நேரடி சூப்பர்வைசர் இல்லாமல், அவருடைய மொழியில். கேள்வி நாலு: போன கிழமை எந்த நாள் வேலைக்கு வர மனமில்லாமல் இருந்தது? ஏன்? உங்கட வேலையில் தேவையில்லாமல் செய்யிற ஒன்று எது? வேறு இடத்தில் கூப்பிட்டால் எதுக்காகப் போவீங்கள்? நாளுக்கு இரண்டு பேர் என்றால் 16 நாளில் முடியும். முதல் ஐந்து பேர் சொன்னதில் ஒன்றையாவது அந்தக் கிழமைக்குள்ளேயே திருத்திக் காட்டுங்கோ. இல்லையென்றால் ஆறாவது ஆள் "ஒன்றுமில்லை சேர், எல்லாம் நல்லம்" என்பார்.

1959 இல் அமெரிக்க உளவியலாளர் ஹேர்ஸ்பேர்க் சொன்ன பிரிப்பு இங்கே பொருந்தும். சம்பளம், நேரம், மேற்பார்வை கெட்டுப்போனால் வெறுப்பு வரும். அதைச் சரி செய்தால் வெறுப்பு போகும், அவ்வளவுதான். திருப்தி வாறது வேலையிலேயே ஒரு பொறுப்பும் ஒரு படியும் கிடைச்சால். விருந்தினர் முறைப்பாட்டைத் தீர்க்க 2,000 ரூபா வரை தானே முடிவெடுக்கலாம் என்று மேசையில் பரிமாறுற ஸ்டுவர்ட்டுக்கு விட்டுப் பாருங்கோ. ஒரு ஜூஸ், ஒரு டெசேர்ட்டுக்கு மனேஜரைத் தேடி ஓடுற அவமானம் குறையும். அந்தப் 'போர்ட்' வேண்டாம். முப்பது பேரைத் தோற்கடிச்சு ஒருத்தரைத் தூக்கிறது அது.

வீட்டுப் பிரச்சினை, கடன் என்று மனமுடைஞ்சு நிற்கிறவருக்கு 1926 இலக்கத்தை ஸ்டாஃப் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கோ. தேசிய மனநல உதவி இலக்கம் அது.

---

குசினிக்காரன்

எல்லாரும் ரோஸ்டர், காசு என்று போயிட்டினம். குசினிக்குள் எட்டிப் பாருங்கோ.

மே தொடங்கிக் கச்சான் அடிக்கும்போது காற்று மேற்கிலிருந்து, தரைப் பக்கத்திலிருந்து, காய்ஞ்சு சுட்டபடி வரும். உங்கட அடுப்புப் புகைக்கூட்டின் வாய் மேற்குச் சுவரில் என்றால் புகையையும் சூட்டையும் கச்சான் திருப்பி உள்ளே தள்ளும், எக்ஸோஸ்ட் எவ்வளவு ஓடினாலும். ஒரு கடதாசித் துண்டை அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற ஹூட் விளிம்பில் பிடியுங்கோ. உள்ளே இழுபட வேணும். மத்தியானம் இரண்டு மணிக்குத் துண்டு வெளியே ஆடினால் வாயை மேலே திருப்பிக் கூரைக்கு ஏற்றுங்கோ. வடிகட்டியில் கொழுப்பு அடைச்சாலும் இதே கதைதான், சீசனில் கிழமைக்கு இரண்டு தரம் கழுவ வேணும். சுவர் ஃபானை அடுப்புக்காரன் முகத்துக்கு அடிக்க விட்டால் சுடு காற்றைத்தான் பூசும், கதவுப் பக்கக் காற்றை இழுத்துக் கொடுக்கிற மாதிரி வையுங்கோ.

தண்ணீர்: 15–20 நிமிஷத்துக்கு ஒரு கோப்பை, ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். தாகம் எடுத்த பிறகு குடிக்கிறது பிந்தின கணக்கு. 20 லீற்றர் போத்தல் குசினிக்கு உள்ளே நிற்க வேணும், ஸ்டோருக்குப் பக்கத்தில் இல்லை. கிறில்காரருக்கும் லோண்டரிக்கும் மோர், தேசிக்காய்த் தண்ணி உப்புப் போட்டு. தலைச்சுற்று, கால் பிடிப்பு என்றால் ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் தூள்) ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், நிழலில் இருத்தி. கதை குழம்பினால், வியர்வை நின்றாலும் நிற்காவிட்டாலும், அது ஆஸ்பத்திரி விஷயம்.

ஸ்டாஃப் சாப்பாடு. நேற்றைய பஃபே மிச்சத்தை மூன்றாம் முறை சூடாக்கிக் கொடுக்கிறதை நிப்பாட்டுறதுக்கு 3 இலட்சம் தேவையில்லை. சோறு, பருப்பு, ஒரு மீன், ஒரு சுண்டல், அதை அன்றே சமைக்க வேணும். வெள்ளிக்கிழமை சைவம் தனிப் பாத்திரத்தில், ஹலால் இறைச்சிக்குத் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும். கரண்டி மாறினால் அன்றைக்குப் பத்துப் பேர் பட்டினி, ஒருத்தரும் வாய் திறந்து சொல்லாயினம். முப்பது நிமிஷம் கதிரையில் இருந்து சாப்பிட வேணும். பின்னேரம் நாலு மணிக்குப் பிளேன்ரீயும் கடிக்க ஏதாவதும்.

செஃபின் வாய்க்கு ஒரு விதி: பாத்திரம் எறியக் கூடாது, விருந்தினர் காதில் விழக் கத்தக் கூடாது, பிழையை ஷிப்ட் முடிஞ்ச பிறகு தனியாகச் சொல்ல வேணும். அவர் நல்ல சமையல்காரர் என்பதால் விட்டால் ஆறு பேர் போவினம்.

ஹவுஸ்கீப்பிங்கில் அறை எண்ணிக்கையைச் சமமாகப் பிரிக்காதேயுங்கோ. விட்டுப் போன அறைக்கு 45 நிமிஷம், தங்கி இருக்கிற அறைக்கு 20 போகும். முன்னதுக்கு 2 புள்ளி, பின்னதுக்கு 1 என்று பிரிச்சு ஆளுக்கு 18க்குள் நிறுத்துங்கோ. கடற்கரை வாசலில் கால் கழுவப் பைப்பும் தேய்க்கத் தும்புத் துடைப்பமும் வையுங்கோ. அறைக்குள் வாற மணல் குறைஞ்சால் முழங்கால் போடுற நேரமும் குறையும்.

---

உப்புவெளி_24

நன்றி. பெட்டி கமராவுக்குக் கீழேதான். நேர் ஷிப்ட் போட்டாலும் இரவு 10.30க்கு முடிகிற நாலு பேருக்கும் குசினிக்காரருக்கும் பஸ் இல்லை. ஓட்டோ பிடிச்சால் அன்றைய உழைப்பில் பாதி. ஹோட்டல் வான் ஒன்று இருக்கு. கட்டுப்படியாகுமா?

---

கச்சான்காற்று

கட்டுப்படியாகும். உப்புவெளி, டவுன், கிண்ணியா, திரும்பி வர 50 கிலோமீற்றர் என்று வையுங்கோ. லீற்றருக்கு 10 ஓடினால் 5 லீற்றர். டீசல் 300 ரூபா என்று பிடிச்சால் ஓரிரவுக்கு 1,500. சீசன் 150 இரவு: 225,000. மிச்சம் 75,000இல் குசினிக்காரன் சொன்ன ஹூட் வாயையும், ஸ்டாஃப் அறையில் நாலு கட்டிலையும் பாருங்கோ.

நிலாவெளிப் பக்கத்தார் எதிர்த் திசை. அவையளைக் காலை ஷிப்டில் கூடப் போட்டால் இரவு வான் இரண்டு தரம் ஓடத் தேவையில்லை. வான் 10.45க்கு வெளிக்கிட வேணும், கடைசி மேசை எழும்பினாலும் எழும்பாவிட்டாலும். மூடுறதுக்கு நிற்கிற ஒருத்தருக்கு மட்டும் அன்று ஓட்டோக் காசு ஹோட்டல் கணக்கில். ட்ரைவரின் ஓவர் டைமை நான் மேலே சேர்க்கவில்லை, அதைச் சம்பளக் கணக்கில் போடுங்கோ. அதோடு, இரவு 12 மணிக்கு வானை நிப்பாட்டுற அதே ஆளை விடிய 4 மணிக்குக் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு அனுப்பினால் எல்லாம் ஒரு நாளில் முடிஞ்சு போகும். இரவு ஓடினவர் அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பிறகுதான் ஸ்டியரிங் தொட வேணும் என்று ரோஸ்டரிலேயே எழுதுங்கோ.