மலிவு பீட்சா துண்டு: ஒரு புதுப்பிப்பு

மலிவான பீட்சா துண்டு வேண்டுமென்றால் கூட்டம் உள்ள கடைக்குப் போனால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. கூட்டம் இருந்தால் துண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து காயாது, அவ்வளவுதான்.

இப்போது வாங்கியதும் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்க்கிறேன். அங்கங்கே கரும்பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அடுப்பு நன்றாகச் சூடேறியிருக்கிறது. வெளிறிக் கிடந்தால் மாவு பல்லில் ஒட்டும். அப்புறம் நீளவாக்கில் மடித்துப் பிடிப்பேன். அப்படியும் நுனி தொங்கி சீஸ் வழுக்கினால் சாப்பாடு சட்டைக்குத்தான்.

ஆறிய துண்டை மைக்ரோவேவில் வைக்கிறார்களா? திரும்பி வந்துவிடுங்கள், ரப்பர் மாதிரி இழுக்கும். அடுப்பிலேயே கொஞ்ச நேரம் வைத்துக் கொடுத்தால் அடி மறுபடி மொறுமொறுப்பாகும். வெறும் சீஸ் துண்டே தேறாத கடையில் காளான் வந்து என்ன செய்யும்?