பொருள்: மறு: கைத்துப்பாக்கித் தோட்டா, பன்றி வேட்டை – ‘துளைமுனை’யா ‘குழிமுனை’யா?

> முனையில் துளை இருக்கிறது; ‘துளைமுனைக் குண்டு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா, ஆங்கிலத்தில் ‘ஹாலோ பாயின்ட்’ (hollow point) என்கிற குண்டுக்கு அந்தப் பெயர் சரிவராது. தமிழில் ‘துளை’ பெயராகவும் வரும், வினையாகவும் வரும். ‘துளைமுனை’ என்று படிக்கிறவர், எதையும் துளைத்துப் போகும் முனை என்றே எடுத்துக்கொள்வார். இந்தக் குண்டு செய்வதோ நேர்மாறு. உடலுக்குள் புகுந்ததும் முனைக்குழியில் ஈரத்தசை அடைத்து அழுத்த, விளிம்பு வெளிப்பக்கம் மடங்கிக் காளான் குடைபோல விரியும். விட்டம் பெருகும், ஆழம் குறையும்.

ஆண் காட்டுப்பன்றியின் தோள்மேல் தடித்த தோல்கவசம் உண்டு. தற்காப்புக்கென்று செய்த எடை குறைந்த குண்டு அங்கேயே விரிந்து நின்றால் நுரையீரலை எட்டாது. பன்றி காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும். .357 மேக்னம், .44 மேக்னம் என்னும் கைத்துப்பாக்கித் தோட்டா வகைகளில் முன்னதில் 158 முதல் 180 கிரெய்ன் (குண்டின் எடையளவு), பின்னதில் 240 கிரெய்ன் என்று கனத்த குண்டாக அமெரிக்க வேட்டைக்காரர்கள் தேடுவது அதனால்தான். நம் சொல்லை நம்பித் வாசகர் தவறான தோட்டாப் பெட்டியை எடுக்க விடக்கூடாது. என் ஓட்டு ‘குழிமுனை’க்கு.

விரியாமல் ஆழப் போகும் ‘ஹார்டு காஸ்ட்’ (hard cast) குண்டுக்கு ‘வன்வார்ப்புக் குண்டு’ என்று வைக்கலாம். ‘கெட்டி வார்ப்பு’ என்றால் உள்ளே பொள்ளல் இல்லாதது என்று சிலைவார்ப்பு அறிந்தவர் நினைப்பார். இங்கே பேச்சு உலோகக் கடினம் பற்றி: தனிக் காரீயம் பிரினெல் என்னும் கடினத்தன்மை அளவீட்டில் சுமார் 5தான்; 90 பங்கு காரீயத்தோடு வெள்ளீயம் 5, ஆண்டிமனி 5 சேர்த்தால் 15 ஆகும். அதன் முனை தட்டையாக இருப்பது நல்லது, ‘தட்டைமுனை’. அகலக் காயம் தரும்.

> கிரெய்னைக் ‘குன்றிமணி’ ஆக்கினால் அழகாக இருக்குமே?

அழகுதான், கணக்குதான் உதைக்கும். குன்றிமணி சுமார் 0.12 கிராம், கிரெய்ன் 0.065. 240 கிரெய்ன் என்பது பதினைந்தரை கிராம். அதையே 240 குன்றிமணி என்று படித்தால் 29 கிராம் ஆகிவிடும். கிரெய்ன் கிரெய்னாகவே இருக்கட்டும்.

- அல்சூரிலிருந்து

~~~

குழிமுனை, வன்வார்ப்பு இரண்டுக்கும் சம்மதம் அக்கா. ஒன்றே ஒன்று: நம் பன்றி வேட்டை வரைவில் ‘தோட்டா விரியும்’ என்று நாலு இடத்தில் இருக்கிறது. கூடு, மருந்து, பற்றவைக்கும் மூடி, குண்டு எல்லாம் சேர்ந்ததே தோட்டா. குழலைவிட்டுப் போவது குண்டு மட்டும். இங்கே பெங்களூரில் கன்னடக்காரர்களும் துப்பாக்கிச் சூட்டுக்கு ‘குண்டேட்டு’ (குண்டடி) என்றுதானே சொல்கிறார்கள். நாலையும் திருத்திவிடுகிறேன். நம் நாட்டில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது என்பதையும் முதல் பக்கத்திலேயே போட்டுவிடலாமா?