அறுபது வருஷக் கணக்கில் நான் மாட்டிக்கொண்ட கதை

பழைய சிறுகதைகளை வாசித்து ஒலிப்பதிவு செய்து போடுவது என் பொழுதுபோக்கு. புதுமைப்பித்தனில் தொடங்கினேன். 1948இல் மறைந்தவர், எழுத்துகளும் நாட்டுடைமை. யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில் அடுத்து ரஷ்ய எழுத்தாளர் செகாவ். 1904இல் போன மனிதர். எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைதான் பதிப்புரிமை என்பதுதானே நம் ஊர்ச் சட்டம், அவர் என்றைக்கோ பொதுச்சொத்து என்று நினைத்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தமிழ்த் தொகுப்பிலிருந்து மூன்று கதைகளை வாசித்துப் போட்டேன்.

பத்து நாளில் ஒரு அம்மா போன் செய்தார். "நல்லா வாசிச்சிருக்கீங்க தம்பி. ஆனா அது எங்க அப்பாவோட தமிழ்."

அப்போதுதான் உறைத்தது. மொழிபெயர்ப்புக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. 60 வருஷத்தை மொழிபெயர்த்தவரின் மறைவை வைத்து எண்ண வேண்டும். அவர் மறைந்தது 2011இல். கணக்கு அடுத்த ஜனவரி 1 முதல் ஓடும். ஆக 2071 டிசம்பர் வரை. அன்றைக்கு எனக்கு வயது 90 தாண்டியிருக்கும்!

மூன்றையும் அன்று இரவே எடுத்துவிட்டேன். அப்புறம் அந்த அம்மாவே அனுமதிக் கடிதம் அனுப்பினார். பணம் வேண்டாமாம், ஒவ்வொரு கதைக்கும் முன்னால் அப்பா பெயரைச் சொன்னால் போதுமாம். வெட்கமாகிவிட்டது. முதல்முறை அந்தப் பெயரையே நான் சொல்லியிருக்கவில்லை.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

—

எனக்குப் படத்தில் நடந்தது. பொன்னியின் செல்வன் நாட்டுடைமைதானே என்று, தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்களையும் சேர்த்து ஒரு பதிப்புக்குத் திட்டம் போட்டேன். பக்கம் வடிவமைத்த பையன்தான் தடுத்தான். கல்கி மறைந்தது 1954, மணியம் 1968. படத்தின் உரிமை இன்று யார் கையில் இருந்தாலும், காலக்கணக்கு வரைந்தவரின் ஆயுளை வைத்துத்தான். 2028 முடிய வேண்டும். கதையை மட்டும் அச்சிட்டேன், புத்தகம் மொட்டையாகத்தான் இருக்கிறது.

—

நீங்களாவது கணக்கைத் தப்பாகப் போட்டீர்கள். நாங்கள் சரியாகப் போட்டும் மாட்டினோம். தாகூர் மறைந்தது 1941. அன்றைய சட்டத்தில் 50 வருஷம்தான். 1992 ஜனவரியில் கொண்டுவரலாம் என்று சொந்தமாக மொழிபெயர்த்து, எங்கள் சின்ன அச்சகத்தில் இரண்டு ஃபாரம் அளவுக்குப் பக்கங்களை ஈய எழுத்தில் கோத்தும் வைத்திருந்தோம். 1991 டிசம்பர் கடைசியில் அவசரச் சட்டம் வந்து 50ஐ 60 ஆக்கிவிட்டது. கோத்த எழுத்தையெல்லாம் பிரித்து மறுபடி எழுத்துப் பெட்டியில் போட்டோம். 2002 பிறந்து தாகூர் பொதுவுக்கு வந்தபோது எங்களிடம் அச்சகம் இல்லை.