ஹட்டன்: பனிமூட்டக் காலைகளில் மட்டும் பொறி பறக்கும் லேசர் இயந்திரம்

வணக்கம். ஹட்டனில் தேயிலைப் பரிசுப் பெட்டிகள் செய்யும் எனது சிறிய பட்டறையில், கே40 வகையைச் சேர்ந்த 40 வாட் காபனீரொட்சைட்டு லேசர் வெட்டு இயந்திரம் இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கியதிலிருந்து, பனிமூட்டம் இறங்கும் காலைகளில் லேசர் கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாயின் உயர் மின்னழுத்த இணைப்பான நேர்மின்முனையில் 'டிக் டிக்' என்ற ஒலியுடன் ஊதாப் பொறி தெறிக்கிறது; அம்பியர்மானியின் முள் 14 மில்லியம்பியரில் நில்லாமல் துள்ளுகிறது; ஒரே ஓட்டத்தில் அறுபட்ட 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை மூன்று ஓட்டத்திலும் அறுபடுவதில்லை. வெயில் ஏறிப் பதினொரு மணியானால், ஒன்றுமே நடவாததுபோல் வெட்டுகிறது.

10.6 மைக்ரோமீற்றர் கதிரை நீர் நன்கு உறிஞ்சும் என்பதால், முதலில் வில்லையில் படியும் ஈரத்தையே சந்தேகித்தேன். வில்லையையும் ஆடிகளையும் துடைத்து நேர்ப்படுத்தியும், குளிர்விப்புத் தொட்டியில் புதிதாகக் காய்ச்சி வடித்த நீரை நிரப்பியும், புவித்தொடுப்பைச் சரிபார்த்தும் பயனில்லை. முனையிலிருந்த பழைய சிலிக்கன் பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசியபோது நான்கு நாட்கள் மட்டும் பொறி வரவில்லை. விற்றவர் குழாயையே மாற்றச் சொல்கிறார். பகலில் நன்றாக வெட்டும் குழாயை மாற்ற எனக்கு மனமில்லை. சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் உயர் மின்னழுத்தம் எளிதில் தாவும் என்பதும் தெரியும்.

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இவ்வகை இயந்திரத்தை இயக்குவோர், அந்த நேர்மின்முனையை எந்தக் காப்புப் பொருளால், எவ்வளவு தடிப்பில் மூடியிருக்கிறீர்கள்?